வயர் அறுந்தால் மெஷின் நிற்க வேண்டும்: பாதுகாப்பு புரோகிராம் எழுத வருகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் மாங்கூழ் ஆலைகள் நிறைய. மே மாதம் பிறந்துவிட்டால் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். இரண்டு மூன்று மாதம் இரவு பகல் பாராமல் மெஷின்கள் ஓடும். சீசன் முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மூடிவிடுவார்கள். அடுத்த சித்திரை வரை கேபிள் டிரே எலிகளுக்குத்தான்.

நான் பிஎல்சி (மெஷின்களை ஓட்டும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்) புரோகிராம் எழுத ஆரம்பித்த இரண்டாம் வருடம், அப்படி ஓர் ஆலையில் சீசனுக்கு முந்தைய ட்ரையல். பழம் ஏற்றும் கன்வேயரில் ஒரு பிளாஸ்டிக் கிரேட் தவறி விழுந்து பல்பர் (பழத்தைக் கூழாக்கும் மெஷின்) வாயை நோக்கிப் போனது. பக்கத்தில் நின்ற அக்கா உடனே சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அடித்தார். மெஷின் நிற்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். அப்போதும் ஓடியது. நான் பேனலுக்கு ஓடி மெயினை இறக்குவதற்குள் கிரேட் நொறுங்கி, கன்வேயர் செயின் அறுந்துவிட்டது. அந்த அக்காவின் கை அங்கிருந்து ஒரு முழம்தான் தள்ளி இருந்தது.

பட்டனிலிருந்து பேனலுக்கு வரும் வயரை எலி கடித்திருந்தது. அந்த பட்டனை நான் என்.ஓ. கான்டாக்டில் (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், அழுத்தினால் மூடும்) இணைத்திருந்தேன். அழுத்தினால் இன்புட்டுக்கு 24 வோல்ட் வரும், வந்தால் புரோகிராம் மெஷினை நிறுத்தும். வயர் அறுந்தபின் 24 வோல்ட் எங்கிருந்து வரும்? எத்தனை மாதமாக அந்த பட்டன் செத்துக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அழுத்தும்வரை அது நல்ல பட்டன் மாதிரியேதான் இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்துவிட்டு ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்களில் மெயின்டனன்ஸிலோ பேனல் கம்பெனியிலோ சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லேடர் (பிஎல்சி புரோகிராமை ஏணி மாதிரி வரைந்து எழுதும் முறை) ஓரளவு படிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். சொல்ல வருவது இதுதான்: பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எந்த சிக்னலிலும் 0 என்றால் "நில்" என்று அர்த்தம் இருக்க வேண்டும். எழுதிய புரோகிராம் ராத்திரி ஷிப்ட் எலக்ட்ரீஷியனுக்குப் படித்தவுடன் புரிய வேண்டும். புரோகிராம் புரியாவிட்டால் அவர் பாதுகாப்பு ஸ்விட்சுகளை ஷார்ட் போட்டு (வயரால் நேராக இணைத்து) ஓட்டிவிடுவார். இது பின்னால் மறுபடி வரும்.

முதல் வேலை: லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மெஷினைச் சுற்றி வாருங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். எங்கே கை மாட்டும், எங்கே சேலை முந்தானை சிக்கும், எங்கே ஆவி அடிக்கும் என்று மெஷினைச் சுற்றி நடந்து எழுதுங்கள். ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள். "அக்கா, இது அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால், டிராயிங்கில் இல்லாத பாதி விஷயம் வெளியே வரும். பல்பரில் நார் அடைத்தால் மூடியைத் தூக்கிக் கம்பியால் குத்துகிறார்கள் என்பதும், கொட்டையும் தோலும் வெளியேறும் ஸ்க்ரூ கன்வேயரில் கையை விட்டு இழுக்கிறார்கள் என்பதும் எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

பிறகு ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் என்ன நடந்தால், மேலே எந்தெந்த மெஷின், கட்டத்துக்குள் அது என்ன செய்ய வேண்டும். எமர்ஜென்சி அடித்தால் ஏற்றும் கன்வேயர், பல்பர், ஸ்க்ரூ மூன்றும் நிற்க வேண்டும், ஸ்டீம் வால்வு மூட வேண்டும். ஸ்டெரிலைசருக்குப் போகும் கூலிங் தண்ணீர் பம்ப்? அதை நிறுத்தினால் உள்ளே சூடான கூழ் அப்படியே நிற்கும். எனவே அது ஓட வேண்டும். இந்த ஒரு கட்டத்தை நிரப்பும்போதுதான் "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டா பாதுகாப்பு" என்ற நினைப்பு உடையும்.

பாதுகாப்பான நிலை என்பது ஒவ்வொரு கருவிக்கும் வேறு. கிரானைட் பாலிஷ் ஆலையில் பல டன் கல்லைத் தூக்கி நிற்கும் கிரேனுக்குக் கரண்ட் போனால் கல் கீழே வரக்கூடாது. அதனால் அதன் பிரேக்கை ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும், கரண்ட் வந்தால்தான் விடும். ஸ்டீம் வால்வை, காற்று போனால் ஸ்பிரிங் மூடுகிற வகையாக வாங்க வேண்டும். கூலிங் தண்ணீர் வால்வை, காற்று போனால் ஸ்பிரிங் திறக்கிற வகையாக. வால்வு தப்பான வகை என்றால் புரோகிராமில் எதை எழுதியும் சரிசெய்ய முடியாது. அட்டவணை போடும்போதே இதைக் கண்டுபிடித்துப் பர்ச்சேஸிடம் சொல்லிவிடுங்கள்.

ஆபத்து எவ்வளவு பெரியது என்று அளக்க ஐஎஸ்ஓ 13849 என்ற தரநிலை மூன்று கேள்வி கேட்கிறது. அடி பட்டால் எவ்வளவு மோசம், ஆள் எவ்வளவு அடிக்கடி அங்கே போகிறார், ஆபத்து வந்தால் விலகிக்கொள்ள முடியுமா. பதிலைப் பொறுத்து ஏ முதல் ஈ வரை ஒரு லெவல் கிடைக்கும். புதிதாக வந்தவர் இதைத் தனியாகச் செய்யக்கூடாது. அனுபவமுள்ளவர், புரொடக்‌ஷன் ஆள், ஓட்டுகிறவர் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்து கையெழுத்துப் போட்ட தாள் உங்கள் கைக்கு வர வேண்டும். அதன்பிறகுதான் உங்கள் வேலை.

சாதாரண பிஎல்சியை நம்பி கையை வைக்காதீர்கள்

சாதாரண பிஎல்சி நல்ல கருவிதான். ஆனால் அதன் அவுட்புட் டிரான்சிஸ்டர் கெட்டால் சில சமயம் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். புரோகிராம் ஆஃப் என்று சொன்னாலும் வெளியே 24 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். ரிலே அவுட்புட் என்றால் கான்டாக்ட் உருகி ஒட்டலாம். எனவே எமர்ஜென்சியும் மூடி இன்டர்லாக்கும் (மூடி திறந்தால் மெஷினை ஓடவிடாத ஏற்பாடு) முதலில், பாதுகாப்புக்கென்றே செய்த சேஃப்டி ரிலேவுக்கோ சேஃப்டி பிஎல்சிக்கோ போக வேண்டும். கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ஸ்விட்ச்) காயிலின் கரண்டை வெட்டுவது அதுதான். சாதாரண பிஎல்சிக்கு "நான் வெட்டிவிட்டேன்" என்ற தகவல் மட்டும் வரும்.

சேஃப்டி பிஎல்சிக்குள் ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இருக்கும். இன்புட் வயர்களில் சின்னச் சின்ன டெஸ்ட் பல்ஸ் அனுப்பி, இரண்டு வயர் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்கும். விலை அதிகம் என்று முதலாளி முகம் சுளித்தால், மூன்று நான்கு பட்டன் இருக்கும் சின்ன மெஷினுக்கு சேஃப்டி ரிலே போதும் என்று சொல்லுங்கள். அது பெரிய செலவு இல்லை.

கான்டாக்டரும் ஒட்டும். அதனால் பல்பர் மோட்டாருக்கு இரண்டு கான்டாக்டரைத் தொடராகப் போடுவார்கள். ஒன்று ஒட்டினாலும் மற்றது வெட்டும். ஒட்டியது தெரியாமல் போனால் அடுத்த முறை மற்றதும் ஒட்டும் அல்லவா? இரண்டின் என்.சி. (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும்) துணை கான்டாக்டையும் தொடராக ரீசெட் சர்க்யூட்டுக்குள் கொண்டுவருகிறோம். ஏதாவது ஒன்று ஒட்டியிருந்தால் என்.சி. மூடாது, ரீசெட் ஆகாது, மெஷின் கிளம்பாது.

வயரிங்கில் 0 என்றால் நில்

எமர்ஜென்சி பட்டன், மூடி ஸ்விட்ச், ஓவர்லோடு (மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் வெட்டுவது), கன்வேயர் ஓரத்தில் இழுக்கும் கயிறு ஸ்விட்ச் எல்லாமே என்.சி. எல்லாம் நன்றாக இருக்கும்போது 24 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அழுத்தினால் போகும். வயர் அறுந்தாலும், டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தாலும், ஃபியூஸ் போனாலும், எலி கடித்தாலும் போகும். எது போனாலும் மெஷின் நிற்கும். நின்றால் தேடுவோம், தேடினால் கண்டுபிடிப்போம். ஸ்டார்ட் பட்டன் மட்டும் என்.ஓ. அதன் வயர் அறுந்தால் மெஷின் கிளம்பாது, அவ்வளவுதான்.

ஆபத்து பெரிதாக இருக்கும் இடத்தில் ஒரு பட்டனுக்கு இரண்டு என்.சி. கான்டாக்ட், இரண்டு தனி வயர். அழுத்தும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாற வேண்டும். ஒன்று மாறி மற்றது, அரை செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் மாறவில்லை என்றால் சேஃப்டி ரிலே அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ரீசெட் ஆக மறுக்கும். நிறைய பேர் இங்கே ரிலேதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள். பெரும்பாலும் ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், பட்டனுக்குள் ஒரு கான்டாக்ட் கழன்றிருக்கும்.

அழுத்தம், வெப்பம் அளக்கும் டிரான்ஸ்மிட்டர்களில் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை வருவதும் இதே யோசனைதான். 0 மில்லிஆம்பியர் என்பது அளவே கிடையாது, வயர் போய்விட்டது என்று அர்த்தம். 3.6க்குக் கீழே போனாலோ 21க்கு மேலே போனாலோ டிரான்ஸ்மிட்டர் கெட்டது என்று எடுத்துக்கொண்டு ஸ்டீம் வால்வை மூடுங்கள். இந்தச் சோதனையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? வெப்பம் அளக்கும் வயர் அறுந்ததும் புரோகிராம் அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். குளிராக இருக்கிறதே என்று ஸ்டீம் வால்வை முழுக்கத் திறக்கும்.

லேடரில் எல்லோரும் இடறும் இடம்

என்.சி. பட்டனை லேடரில் எந்தக் குறியில் போடுவது? புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் என்.சி. குறியே போடுகிறார்கள், மெஷின் கிளம்பாது. எமர்ஜென்சியை அழுத்திப் பிடித்தால் கிளம்பும்! உடனே அவசரத்தில் வயரை என்.ஓ.வுக்கு மாற்றிவிடுவார்கள். மெஷின் அழகாக ஓடும், பட்டன் அழுத்தினால் அழகாக நிற்கும், வயர் அறுந்தால் நிற்காது. நான் செய்ததும் இதே தப்புதான்.

சரியான யோசனை இது. லேடர் குறி பட்டனைப் பார்ப்பதில்லை, இன்புட் பிட்டைப் பார்க்கிறது. பட்டன் நல்ல நிலையில் மூடியிருக்கிறது, 24 வோல்ட் வருகிறது, பிட் 1. "பிட் 1 ஆக இருந்தால் போகவிடு" என்ற குறி என்.ஓ. குறி. எனவே வெளியே என்.சி. பட்டன், லேடரில் என்.ஓ. குறி. இந்தக் குழப்பமே வராமல் இருக்க வேண்டுமானால் பெயரைச் சரியாக வையுங்கள். "எமர்ஜென்சி" என்று பெயர் வைத்தால் 1 என்றால் அழுத்தியிருக்கிறதா, அழுத்தவில்லையா? "எமர்ஜென்சி_சரி" என்று வைத்தால் கேள்வியே இல்லை. 1 என்றால் சரி, 0 என்றால் சரியில்லை. மூடி_சரி, ஓவர்லோடு_சரி, ஸ்டீம்_அழுத்தம்_சரி. எல்லாவற்றையும் "சரி" போட்டு எழுதினால் ரங் (லேடரின் ஒரு படி) இப்படி வரும்:

──┤ எமர்ஜென்சி_சரி ├──┤ மூடி_சரி ├──┤ ஓவர்லோடு_சரி ├──( பல்பர்_அனுமதி )

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எமர்ஜென்சி சரி, மூடி சரி, ஓவர்லோடு சரி, அப்படியானால் பல்பருக்கு அனுமதி. இதைப் படிக்க எந்த மேனுவலும் வேண்டாம். ஆன்லைனில் பார்க்கும்போது எந்தக் கான்டாக்டைத் தாண்டிப் பச்சை போகவில்லையோ, மெஷின் ஓடாததற்கு அதுதான் காரணம்.

அடுத்த ரங் ஓட்டுவதற்கு. பல்பர்_அனுமதி, அதற்குப் பின்னால் ஸ்டார்ட் பட்டன், ஸ்டார்ட்டுக்கு இணையாகப் பல்பர்_ஓட்டம், கடைசியில் பல்பர்_ஓட்டம் காயில். பழைய ரிலே பேனலில் இருந்த ஹோல்டிங் சர்க்யூட்தான் இது. இதற்குப் பதிலாக செட், ரீசெட் காயில் போட்டால் எழுத எளிது. ஆனால் அந்த பிட் கரண்ட் போனாலும் நினைவில் நிற்கும் இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கரண்ட் போகிறது, பல்பர் நிற்கிறது. சரி, இந்த நேரத்தில் நாரை எடுத்துவிடலாம் என்று ஒருவர் உள்ளே கை விடுகிறார். கரண்ட் வருகிறது. செட் ஆகிக் கிடந்த பிட் பல்பரைச் சுழற்றுகிறது. ஹோல்டிங் ரங்கில் கரண்ட் போனதும் பிடி விட்டுவிடும், யாராவது ஸ்டார்ட்டை மறுபடி அழுத்தினால்தான் ஓடும்.

சொல்லிவிடுகிறேன்: பல்பர் சல்லடையைக் கழற்றிக் கழுவும்போது எந்தப் புரோகிராமும் போதாது. ஐசொலேட்டரை (மெஷினுக்கு வரும் கரண்டைப் பிரிக்கும் ஸ்விட்ச்) இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைக் கழுவுகிறவரே இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

0 என்ற எண்ணைப் பற்றி இன்னும் ஒன்று

இது நம்மூர் விஷயம் இல்லை, ஆனால் புரோகிராம் எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தெராக்-25 என்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. அதற்கு முந்தைய மாடல்களில் தப்பான நிலையில் கதிர் வராமல் தடுக்க வயரில் செய்த இன்டர்லாக் இருந்தது. தெராக்-25இல் அந்த வேலையையும் புரோகிராமிடமே விட்டுவிட்டார்கள்.

அதிலிருந்த ஒரு தப்பைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு பைட் அளவுள்ள ஓர் எண். அது 0 இல்லை என்றால், கதிரின் பாதையில் இருக்கும் பாகம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 0 என்றால் சோதிக்கத் தேவையில்லை. புரோகிராம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணோடு 1 கூட்டியது. ஒரு பைட்டில் 255க்கு மேல் இடமில்லை, 256ஆவது சுற்றில் அது 0 ஆகிவிடும். சரியாக அந்தக் கணத்தில் ஆபரேட்டர் பட்டனை அழுத்தினால் சோதனை நடக்காமலே கதிர் கிளம்பும். 1987 ஜனவரியில் அப்படி நடந்தது.

எலி கடித்த வயரும் இந்த எண்ணும் ஒரே தப்பு. இரண்டிலும் 0 என்பதற்கு "பிரச்சினை இல்லை, போ" என்று அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். நினைவகம் அழிந்தால் 0 வரும், வயர் போனால் 0 வரும், எண் நிரம்பி வழிந்தால் 0 வரும், கம்யூனிகேஷன் அறுந்தாலும் பெரும்பாலும் 0தான். எனவே "போ" என்பதற்கு யாரோ வேலை மெனக்கெட்டு 1 போட்டிருக்க வேண்டும். ஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்டில் (பிஎல்சி புரோகிராமை வரிவரியாக எழுதும் மொழி) கேஸ் (ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிளை) எழுதினால் கடைசியில் "வேறு எதுவானாலும்" என்ற கிளையில் மெஷினை நிறுத்துங்கள். 1 முதல் 5 வரைதான் நிலைகள் என்று உங்களுக்குத் தெரியும், கெட்டுப்போன நினைவகத்துக்குத் தெரியாது.

ரீசெட்

எமர்ஜென்சியை விடுவித்தவுடன் மெஷின் தானாக ஓடக்கூடாது. ரீசெட் அழுத்தியவுடனும் ஓடக்கூடாது. ரீசெட் "இனி ஸ்டார்ட் கேட்கலாம்" என்று மட்டும்தான் சொல்லும்.

ரீசெட் பட்டனை அழுத்தும்போது அல்ல, அழுத்திவிட்டு விடும்போது வேலை செய்கிற மாதிரி எழுதுங்கள். அதாவது 1லிருந்து 0க்கு இறங்கும் விளிம்பு. ஏன் என்றால், ஒவ்வொரு முறையும் ரீசெட் அழுத்தச் சலித்துப்போய் இன்சுலேஷன் டேப் சுற்றி அதை அழுத்தியபடியே வைத்துவிடும் வழக்கம் உண்டு. மட்டத்தை (1 ஆக இருக்கிறதா என்று மட்டும்) பார்க்கும் புரோகிராமில் அப்புறம் எமர்ஜென்சி விட்டதும் தானே ரீசெட் ஆகிவிடும். விளிம்பைப் பார்க்கும் புரோகிராமில் டேப் சுற்றினால் ரீசெட்டே ஆகாது. பட்டனை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஆபத்தான இடம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் அந்த இடத்துக்குள் நின்றபடி கைக்கு எட்டக்கூடாது.

ராத்திரி இரண்டு மணிக்கு யார் படிப்பார்கள்?

சில வருடம் கழித்து இன்னோர் ஆலை. நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். எட்டு மூடி ஸ்விட்சையும் ஒரு வேர்டில் திரட்டி, மாஸ்க் போட்டு, ஷிஃப்ட் செய்து ஒரே ரங்கில் முடித்திருந்தேன். ஸ்கிரீனில் "ஃபால்ட் 17" என்று வரும். ஜூன் மாதம் ஒரு ராத்திரி போன் வந்தது. "அண்ணா, ஃபால்ட் 17ன்னு வந்து லைனே நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒண்ணும் புரியல. வெளியில இருபது லாரி பழம் நிக்குது. மூடி ஸ்விட்ச் எல்லாத்தையும் ஷார்ட் பண்ணி ஓட்டிட்டேன்ணா, காலையில வந்து பாருங்க."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பழம் அழுகும், முதலாளி தலைமேல் நிற்கிறார், அவர் என்ன செய்வார்? போனிலேயே லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது மூடியின் ஸ்விட்ச்சுக்குள் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. வெந்நீரில் துடைத்தால் ஐந்து நிமிட வேலை. "3ஆம் மூடி திறந்திருக்கிறது அல்லது ஸ்விட்ச் மாட்டிக்கொண்டது" என்று ஸ்கிரீன் சொல்லியிருந்தால் அவரே துடைத்திருப்பார்.

அன்றிலிருந்து சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். ஒரு மூடிக்கு ஒரு கான்டாக்ட், ஒரு பெயர், வரிசையாக. ரங் நீளமானால் ஆகட்டும். கோளாறு செய்தி முழு வாக்கியமாக, ஸ்கிரீன் தமிழ் எழுத்தைக் காட்டுமானால் தமிழிலேயே. ஒரு கோளாறு வந்தால் அதன் பின்னாலேயே பத்து கோளாறு வரும் அல்லவா, அதில் முதலில் வந்தது எது என்று தனியாகப் பூட்டி வைத்துக் காட்டுங்கள். மீதி ஒன்பதும் அதன் விளைவுதான்.

ஓர் அவுட்புட்டுக்கு ஒரே ஒரு காயில்தான் இருக்க வேண்டும். பிஎல்சி மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகும், ஒரே அவுட்புட்டை 12ஆம் ரங்கிலும் 40ஆம் ரங்கிலும் எழுதினால் 40 சொல்வதே நடக்கும். 12இல் இன்டர்லாக் போட்டு நிறுத்தியிருப்பீர்கள், அவசரத்துக்கு யாரோ 40இல் மேனுவல் மோடுக்காக ஒரு காயில் சேர்த்திருப்பார். 12ஐப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோ, மேனுவல், ஜாக் (அழுத்திப் பிடிக்கும்வரை மட்டும் ஓட்டம்) எல்லாவற்றையும் தனித்தனி "கேட்கிறது" பிட்டாக எழுதி, கடைசியில் ஒரே ரங்கில் அனுமதியோடு சேருங்கள்.

கமெண்ட்டில் என்ன செய்கிறது என்று எழுத வேண்டாம், அதை ரங்கே சொல்லும். ஏன் என்று எழுதுங்கள். "2 செகண்ட் டைமர்" என்ற கமெண்ட்டால் யாருக்கும் உபயோகமில்லை. "கன்வேயர் நின்றபின் பல்பரில் மீதியிருக்கும் பழம் காலியாக 2 செகண்ட் தேவை, குறைத்தால் அடைக்கும்" என்றால் அடுத்து வருகிறவர் அதைத் தொடும் முன் யோசிப்பார்.

மெயின்டனன்ஸுக்கு மூடியைத் திறந்து வைத்து மெஷினை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற தேவை நிஜமாகவே வரும். அதை நீங்களே முறையாகக் கொடுக்காவிட்டால் அவர்கள் வயர் போட்டு எடுத்துக்கொள்வார்கள். சாவி ஸ்விட்ச், அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓட்டம், மெதுவான வேகம், தூரத்திலிருந்து தெரிகிற மஞ்சள் விளக்கு, சாவியைத் திருப்பியதும் பழைய பாதுகாப்பு தானாகத் திரும்புவது. இவ்வளவும் சேர்ந்திருந்தால்தான் கொடுங்கள்.

டைமர் போட்டு ட்ரிப்பைத் தடுக்காதீர்கள்

இது ஓசூர் பக்கம் பிரஸ் ஷாப்களுக்குப் போகிறவர்களுக்காக. லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் பிரஸை நிறுத்தும் ஒளிக்கதிர்த் திரை) சும்மா சும்மா ட்ரிப் ஆகிறது, உற்பத்தி குறைகிறது, ஒரு 100 மில்லிசெகண்ட் டைமர் போட்டு வடிகட்டு என்று சொல்வார்கள். லைட் கர்ட்டனை டையிலிருந்து (பிரஸின் அச்சு) எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது கணக்குப் போட்டு வந்தது. ஐஎஸ்ஓ 13855இல் கை வரும் வேகத்தை செகண்டுக்கு 2000 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கர்ட்டன், பிஎல்சி, கிளட்ச், பிரேக் எல்லாம் சேர்ந்து பிரஸ் நிற்க 0.2 செகண்ட் ஆகிறது என்றால் கை அதற்குள் 400 மில்லிமீட்டர் வந்துவிடும். விரல் அளவுக்கு நெருக்கமான கதிர்கள் உள்ள கர்ட்டனாக இருந்தாலும் குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். நீங்கள் போடும் 100 மில்லிசெகண்டில் கை இன்னும் 200 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். கர்ட்டன் இருந்த இடத்திலேயே இருக்கும், பிரஸ் நிற்கும் முன் கை டைக்குள் இருக்கும். லென்ஸைத் துடையுங்கள், அதிர்வைப் பாருங்கள், எண்ணெய்த் துளி தெறிக்கிறதா பாருங்கள். டைமர் வேண்டாம். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

சோதிக்கும் நாள்

சிமுலேஷனில் பிட்டை 0 ஆக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. வயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு எமர்ஜென்சி பட்டனுக்கும், ஒவ்வொரு மூடிக்கும், பட்டன் பக்கத்திலேயே போய் ஒரு வயரைக் கழற்றி மெஷின் நிற்கிறதா, சரியான செய்தி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு சேனல் என்றால் ஒவ்வொன்றாக. ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை இறக்கி ஏற்றிப் பாருங்கள், தானாகக் கிளம்பக்கூடாது. பிஎல்சியை ஸ்டாப் நிலைக்குக் கொண்டுபோய் எல்லா அவுட்புட்டும் விழுகிறதா பாருங்கள். கான்டாக்டரின் துணை கான்டாக்ட் வயரைக் கழற்றிவிட்டு ரீசெட் அழுத்துங்கள், ஆகக்கூடாது. முடிந்தால் எழுதியவர் சோதிக்க வேண்டாம், வேறொருவர் அந்த முதல் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக டிக் அடிக்கட்டும். எழுதியவருக்குத் தன் புரோகிராம் எங்கே உடையும் என்று பார்க்க மனசு வராது.

ஃபோர்ஸ் (ஒரு பிட்டைக் கட்டாயமாக 1 ஆகவோ 0 ஆகவோ பிடித்து வைப்பது) போட்டிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். சேஃப்டி புரோகிராமுக்கு ஒரு செக்சம் எண் வரும், அதைத் தேதியோடு பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். அடுத்த வருடம் எண் மாறியிருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள். பிஎல்சியில் சாவி இருந்தால் ரன்னில் வைத்து உருவி எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் சேஃப்டி கன்ட்ரோலருக்குள் வைரஸ் நுழைய முடிந்ததற்கு, அந்தச் சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

சோதனை ஒருமுறை செய்தால் போதாது. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் 2005 டிசம்பர் 11 அன்று பெட்ரோல் டேங்க் நிரம்பி வழிந்து பெரிய வெடிப்பு நடந்தது. மட்டம் காட்டும் கருவி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேலே தனியாக ஒரு ஹை லெவல் ஸ்விட்ச் இருந்தது, அதுவும் வேலை செய்யவில்லை. அந்த ஸ்விட்ச்சைச் சோதிக்க ஒரு லீவர் உண்டு, அதை வேலை நிலையில் பிடித்து வைக்க ஒரு சின்னப் பூட்டு வேண்டும், அந்தப் பூட்டைப் போடவில்லை. அதனால் சோதனை முடிந்தபின் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்பதையும் தாளில் ஒரு கட்டமாகச் சேருங்கள்.

மாங்கூழ் ஆலைகளில் இந்தச் சோதனையை ஏப்ரல் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பழம் வந்தபின் யாரும் லைனை நிறுத்த விடமாட்டார்கள். கழற்றிய வயரை மாட்டி, ஸ்க்ரூவை இறுக்கி, வயரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அதே பட்டனை மறுபடி அழுத்திப் பாருங்கள். நோட்டில் தேதி, பட்டன் நம்பர், உங்கள் கையெழுத்து, கூட இருந்த ஆபரேட்டர் கையெழுத்து. சீசன் முடிந்து பேனலை மூடும் முன், அடியில் கேபிள் நுழையும் ஓட்டைகளில் கிளாண்ட் போட்டு, காலியாக இருக்கும் ஓட்டைகளையும் அடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.